நாமகிரித் தாயாரும் 25 ரூபாயும்

நம்மவர் கூடும் மேடை பள்ளிக்கூடத்து விழாவாயினும் சரி, கோயில் மண்டபமாயினும் சரி, அங்கே கணித மேதை இராமாநுஜன் பெயர் எடுக்கப்படுமாயின் உடனே ஒரு கதையும் பின்தொடர்ந்து வந்துவிடுகிறது. நாமக்கல்லில் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயார் அவர் கனவில் தோன்றி நாவிலே சூத்திரங்களை எழுதினாளாம். விடிந்தெழுந்ததும் அவர் அவற்றை ஏட்டிற் பெயர்த்தெழுதினாராம். மேனாட்டுப் புலவர் வாய் பிளந்து நின்றனராம். சொல்பவர் கண் கலங்குகிறார்; கேட்பவர் கை தட்டுகிறார்; முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவனோ, தன் கனவில் அன்றுவரை ஒரு தெய்வமும் எண்களோடு வாராமையை நினைந்து, கணக்கு நமக்குரியதன்று என்று தீர்மானித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். இக்கதையால் விளையும் கேடெல்லாம் அச்சிறுவன் தலையில்தான் விடிகிறது. ஆதலின் இதனை வெறும் பக்திப் பெருக்கென்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

இராமாநுஜன் தெய்வ பக்தி மிக்கவர் என்பதும், தம் குடும்பத்தார் வழிபட்ட நாமகிரியின் பெயரை நண்பரிடம் நன்றியோடு கூறியதுண்டு என்பதும் மெய்யே. ஒருவர் தம் உழைப்பின் பயனைத் தாம் வணங்கும் தெய்வத்தின் காலடியில் வைப்பாராயின் அஃது அவர் விருப்பம். ஆனால் அவ்வுழைப்பை மறைத்துவிட்டுத் தெய்வத்தை மட்டும் நமக்குக் காட்ட இம்மேடைப் பேச்சாளர்க்கு உரிமை கொடுத்தவர் யார்? அவரோடு ஆண்டுக்கணக்கில் அமர்ந்து பணியாற்றிய கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டி, கீழ்நாட்டு மாயஞானம் என்னும் பேச்சில் தமக்கு நம்பிக்கையில்லை என்றும், இராமாநுஜன் தெளிந்த அறிவும் உலகியல் சாதுரியமும் உடைய மனிதர் என்றும் எழுதிவைத்தார். கடல்கடந்த வெள்ளையர் ஒருவர் அவரை மனிதராகக் கண்டிருக்க, நம்மவரோ அவரைத் தெய்வத்தின் கையிலிருந்த எழுத்தாணியாகக் கண்டு மகிழ்கின்றனர்!

நடந்ததைச் சற்று விரித்தே கூறவேண்டும். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமாநுஜன். தந்தையார் துணிக்கடையொன்றிற் கணக்கெழுதியவர். வருவாய் போதாமையால் கல்லூரி மாணவர் இருவரை உணவும் இடமும் கொடுத்து வீட்டில் வைத்திருந்தனர். அவர்கள் அறிந்த கணக்கையெல்லாம் பதினொரு வயதுப் பையன் கேட்டுக் கேட்டே தீர்த்துவிட்டான். பின்னர் லோனி என்பார் எழுதிய திரிகோண கணித நூல் இரவலாய்க் கிடைத்தது. பதின்மூன்று வயதிற்குள் அதனைக் கரை கண்டான். 1903ஆம் ஆண்டளவில் கும்பகோணம் கல்லூரி நூலகத்திலிருந்து இன்னொரு நூல் கைக்கு வந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த அந்நூலில் ஏறக்குறைய 5,000 கணித முடிபுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றிற்கு நிறுவல் இல்லை, அல்லது ஒரு வரிக் குறிப்பே உண்டு. அரிய நூலென்று அதனை யாரும் சொல்லமாட்டார். பரீட்சைக்கு மாணவரைப் பழக்கும் ஆசிரியர் ஒருவர் தம் தொழிலின் பொருட்டு எழுதியது, அவ்வளவே. அதன் ஒவ்வொரு முடிபையும் தானே நிறுவிப் பார்க்கவேண்டுமென்று அப்பையன் அமர்ந்துவிட்டான். அவ்வாறு ஒன்றை நிறுவப் புகுங்கால் அதன் அருகிலேயே நூலில் இல்லாத இரண்டொன்று தட்டுப்படுவதையும் கண்டான்.

காகிதம் வாங்கப் பணமில்லை. சிலேட்டில் எழுதி, துணி தேடும் பொழுதையும் மிச்சப்படுத்த முழங்கையாலேயே அழித்து, முடிந்த முடிபை மட்டும் ஏட்டில் ஏற்றினார். அம்முழங்கை தேய்ந்து கறுத்துப்போனதைக் கண்டவர் குறித்து வைத்துள்ளனர். தெய்வம் நாவில் எழுதிய எழுத்திற்கு முழங்கை ஏன் கறுக்கவேண்டும் என்று மேடையில் ஒருவரேனும் கேட்டதுண்டா? இன்னுமொன்று: தாமே அரிதின் முயன்று கண்ட ஓர் உண்மை, ஆய்லர் என்னும் பேரறிஞரால் நூற்றைம்பதாண்டுக்கு முன்னரே கண்டு முடிக்கப்பட்டதென அறிந்தபோது, நாணத்தால் அத்தாள்களை வீட்டுக் கூரையிற் செருகி ஒளித்தாரென்பர். தாயார் அருளியது மெய்யாயின், ஐரோப்பாவில் ஏற்கெனவே அச்சேறிவிட்ட சரக்கையா அருளியிருப்பாள்?

நிற்க. கணிதத்திற் கண்டுபிடிப்பு என்பது யாதென்றே அறியாமல் நம்மில் பலர் அதனைப் புகழ்ந்துவிடுவதால், ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவேன். நான்கு ரப்பர் விதைகளை எடுத்துக்கொள்க. அவற்றை எத்தனை வகையாய்க் குவித்து வைக்கலாம்? நான்கும் ஒரே குவியலாக வைக்கலாம்; மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம்; இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, நான்கையும் தனித்தனியாக வைக்கலாம்; ஆக 5 வகை. ஒன்பது விதைகளாயின் 30 வகை. பதினான்காயின் 135. பத்தொன்பதாயின் 490. இருபத்துநான்காயின் 1,575. இவ்வெண்கள் ஐந்தும் ஐந்தால் மீதியின்றி வகுபடுவதைக் காண்க. மக்மஹோன் என்னும் பீரங்கிப் படை மேஜர் ஒருவர் பொறுமையோடு கையாற் கணக்கிட்டு, 200 விதைகள் வரைக்கும் இவ்வகைத் தொகைகளை அட்டவணையாக்கினார்; இருநூறாவது எண் 3,972,999,029,388. அவ்வட்டவணையை வேறு பலரும் பார்த்தனர். விதைகளின் தொகை நான்கிலாவது ஒன்பதிலாவது முடியுமாயின் வகைகளின் தொகை ஐந்தால் வகுபடும் என்ற ஒழுங்கு இராமாநுஜன் கண்ணுக்கே புலப்பட்டது. புலப்பட்டதோடு அவர் நிற்கவில்லை. எத்துணைப் பெரிய எண்ணாயினும் அவ்வாறே ஆகுமென நிறுவி 1919ஆம் ஆண்டு வெளியிட்டார்.

வாசகர் கவனிக்கவேண்டியது இதுவே. இந்தப் பெருங் கண்டுபிடிப்பின் வாயிலில் இருந்தது ஓர் அட்டவணை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதன் கேள்வி விளங்கும். லயத்து வாசலில் விதை பொறுக்கி விளையாடிய நம் பிள்ளைகள் நூறாண்டாக அக்கேள்விக்கு அருகிலேயே குந்தியிருந்தனர். கேளுங்கள் என்று சொல்லத்தான் ஆளில்லை.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். 1904ஆம் ஆண்டு உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தவர், கணக்கொன்றிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தவறியமையால் அச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் இருமுறை தோற்றார். கணக்கில் வெற்றி, ஏனைப் பாடங்களில் தோல்வி. பதினெட்டு வயதிலிருந்து சில ஆண்டுகள் வேலையின்றி, சில நாள் உணவுக்கும் வழியின்றித் திரிந்தார். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரையுள்ள ஆண்டுகளே கணிதப் புலவனுக்கு உயிரான ஆண்டுகளென்றும், அவ்வாண்டுகளிலேயே தீங்கு நேர்ந்துவிட்டதென்றும், அவர் இளமையில் இறந்ததைக் காட்டிலும் அதுவே பெரிய இழப்பென்றும் ஹார்டி வருந்தி எழுதினார். அவ்வாண்டுகளில் நாமகிரி எங்கே போயிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் சோதனையே என்பார்கள்.

அவரைத் தூக்கி நிறுத்தியோர் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. 1907ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் என்னும் டிப்டி கலெக்டர் அவர் ஏடுகளைப் பார்த்துத் தகுதியை உணர்ந்து தக்கவர்க்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பிவந்தார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்திற் கிராணியாக அமர்ந்தார். அங்கே அவர் மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். மாலைப்பொழுதில் இவரோடு சிலேட்டும் கையுமாய் அமர்ந்தார். கழகத் தலைவர் சர் பிரான்சிசு ஸ்பிரிங்கும், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் பரிந்துரைக்க, பட்டமே பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் தன் விதியை வளைத்து 1913ஆம் ஆண்டு மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. ஹார்டிக்கு அவர் முதற்கடிதம் எழுதியது அவ்வாண்டு ஜனவரி 16ஆம் நாள். அப்போதும் துறைமுகக் கிராணியே. நாமகிரித் தாயார் மணியார்டர் அனுப்பியதாக எவ்வரலாற்றிலும் இல்லை.

இங்கே நம் சீர்திருத்த அன்பர்கள் உற்று நோக்கவேண்டிய ஒன்றுண்டு. அவர் ஏழை, ஐயமில்லை. ஆனால் அவ்வேழைக்குக் கதவு திறந்த இந்தியர் பெரும்பாலும் அவர் வகுப்பார். ஆங்கிலமும் உயர்பதவியும் கணித அறிவும் ஒருங்கே வாய்த்தோர் அன்று அவ்வகுப்பில்தான் மிகுதியாய் இருந்தனர். அவர்கள் உதவியதைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம். அவ்வாறு கடிதம் கொடுத்தனுப்ப ஒருவருமில்லாத பிள்ளைகளின் கணக்கை எவர் எழுதியுள்ளார் என்பதே என் கேள்வி. ஏனெனில், அவர் பேரேடு எழுதிய அச்சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும், அதே ஆண்டுகளில், கங்காணிகள் திரட்டிய நம் பாட்டன் பாட்டியர் ஆயிரக்கணக்கிற் கப்பலேறிப் பினாங்கிலும், இந்நாளிற் கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறக்கப்பட்டனர். தலைகளை எண்ணி ஏற்றி, தலைகளை எண்ணி இறக்கினார்கள். அத்தலைகளுக்குள் இருந்ததை எண்ணிப் பார்த்தவர் இல்லை.

கடல் கடத்தலைப் பற்றியும் இரண்டு சொல். வைதிகக் குடும்பமாகையால் இராமாநுஜன் சீமைக்குச் செல்லத் தாயார் முதலில் உடன்படவில்லை. பின்னர் நாமகிரியே கனவில் வந்து அனுமதி அளித்ததாகச் சொல்லப்படுகிறது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலில் ஏறினார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயோடு 1919இல் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் 32 வயதில் மறைந்தார். கடல் கடந்து வந்து பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவர் என்பதனால் வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்கிற்கும் வரவில்லை. இன்று அவர் படத்திற்கு மாலையிட்டுத் தாயாரின் அருளைப் பாடும் கூட்டம், அன்று அவர் பிணத்தருகே வர அஞ்சிய கூட்டத்தின் வழிவந்ததே. நம் பாட்டன்மாரோ எத்தெய்வத்தின் அனுமதிச் சீட்டுமின்றியே அக்கடலைக் கடந்தனர்.

கடந்து வந்த இடத்தில் அவர் பிள்ளைகட்குக் கிடைத்தது என்ன? பள்ளிக்குரிய வயதிற் பத்துப் பிள்ளைகள் இருப்பின் தோட்டத்தார் பள்ளிக்கூடம் வைக்கவேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. சட்டத்தை நிறைவேற்றினார்கள்: தட்டுமுட்டுக் கொட்டகை ஒன்று பள்ளியாயிற்று, கங்காணியோ, மருந்துக்காரரோ, கிராணியோ ஒழிந்த வேளையில் வாத்தியாராயினர். எழுத்தும் கூட்டல் கழித்தலும் நான்காம் வகுப்போடு முடிந்தன. பின்பு பெரட்டுக்களம். யானும் தோட்டக் கிராணி உத்தியோகம் பார்ப்பவனாகையால் எங்கள் வர்க்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையுண்டு. செக்ரோலில் ஒரு பெயர் தவறினால் இரவெல்லாம் விழித்துத் தேடிய அக்காலத்துக் கிராணிமார், பள்ளிக் கொட்டகையில் ஒரு பையன் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையே என்று தேடியதாக எங்கும் கேள்விப்பட்டிலேன். சென்னையில் ஒரு கிராணிக்கு மேல் நாராயண ஐயர் இருந்தார். இங்கே கிராணிக்கு மேல் துரை இருந்தார். துரைக்கு வேண்டியது பால் நிறுவை.

அதெல்லாம் பழங்கதை, இப்போது நிலைமை மாறிவிட்டதே என்பீர். மாறித்தான் இருக்கிறது. சீபீல்டு தோட்டத்து ரப்பர் நிரைகள் நின்ற நிலத்தில், 1974ஆம் ஆண்டு தொடங்கி, சுபாங் ஜெயா நகரம் எழுந்தது. லயம் போய் அடுக்குவீடு வந்தது. இந்நகரில் தெருவுக்குத் தெரு கல்லூரி. அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கிளையும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கணிதம் எழுதிய கரும்பலகைகள் இத்துணை நெருக்கமாய்க் கும்பகோணத்தில் என்றும் இருந்ததில்லை. ஆயினும் நம் பிள்ளைகட்குக் கணித அறிவென்று நாம் காட்டுவது எதனை? மணிச்சட்டத்தைத் தட்டி எட்டு இலக்க எண்களை நொடியிற் கூட்டும் வித்தையை மேடையேற்றிக் கோப்பை கொடுக்கிறோம். சகுந்தலா தேவியார் 1980ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் இலண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியிற் பெருக்கிக் காட்டினார், வியத்தகு ஆற்றல்தான். ஆனால் விடை ஏற்கெனவே அவ்வெண்களுக்குள் அடங்கிக் கிடந்தது; இன்று சட்டைப்பையிலுள்ள கருவியே அதனைச் செய்கிறது. ஒருவரும் கேளாத கேள்வியைக் கேட்டு அதற்கு விடையும் காண்பது வேறு தொழில். அதற்கு வேகம் வேண்டா. ஒரு கேள்வியோடு ஆறு மாதம் குடியிருக்கப் பொறுமை வேண்டும். ஆறு மாதம் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை நம் டியூஷன் நிலையத்தார் பெற்றோரை அழைத்து ஒப்படைத்துவிடுவர்.

பரீட்சையைப் பற்றிப் பேசினால் வாய் கசக்கிறது. ஆறாம் வகுப்புப் பரீட்சையை அரசாங்கம் 2021இல் எடுத்துவிட்டது. ஆயினும் எத்தனை ‘ஏ’ என்று கேட்கும் நாக்கு இன்னும் எடுபடவில்லை. எஸ்.பி.எம். பரீட்சையிலோ, மலாய் மொழியோடு வரலாற்றுப் பாடத்திலும் தேறினாலன்றிச் சான்றிதழ் இல்லையென்பது 2013 முதல் விதி. வரலாறு கற்கவேண்டியதே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணக்கிற் பேராற்றலும் ஏனையவற்றில் தோல்வியுமாய் ஒரு கும்பகோணத்துப் பையன் இங்கே இன்று பிறப்பானாயின், அவனுக்காக விதியை வளைக்கும் கழகம் எது, பரிந்துரைக்கும் ஸ்பிரிங் யார், 25 ரூபாய்க்கு ஈடான வெள்ளியை மாதந்தோறும் கொடுப்பவர் யார்? நாமோ கணக்கை எம்மொழியிற் கற்பிப்பது என்று 2003 முதல் ஆங்கிலத்திற்கும் தாய்மொழிக்கும் இடையே ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவன் சொல்கிறேன்: பொருள் சொல்லாமல் மனப்பாடம் செய்விக்கும் சூத்திரம் தமிழிலும் மந்திரம், ஆங்கிலத்திலும் மந்திரம்.

“மேதை பிறப்பிலேயே அமைவது, எல்லாப் பிள்ளையும் இராமாநுஜன் ஆகிவிடுமா?” என்று ஒரு மறுப்பு எழும். ஆகாதுதான். ஆனால் வெட்டிப் பாராத மரத்திற்கு நேரே ‘பால் இல்லை’ என்று எழுதிவைக்கும் கிராணியை எந்தத் தோட்டமாவது வேலையில் வைத்திருக்குமா? நம் பிள்ளைகட்கு நேரே நாம் எழுதிவைத்திருப்பது அதுவே. ஜெர்மானிய தேசத்தில் 1777இற் பிறந்த காவுஸ் என்பவரின் தந்தை கொத்து வேலையும் தோட்ட வேலையும் செய்தவர். தாயார் எழுத்தறிவு குன்றியவர். நம் லயத்து வீட்டிற்கும் அவ்வீட்டிற்கும் வேற்றுமை மிகுதியில்லை. வகுப்பாசிரியர் அப்பையனுக்கு நல்லதொரு கணித நூல் வருவித்துக் கொடுத்தார். பார்ட்டெல்சு என்ற இளைய உதவியாசிரியர் உடனிருந்து கற்றார். பிரன்சுவிக் கோமகன் 1791 முதற் பொருளுதவி செய்தார். 1796இல், இன்னும் பத்தொன்பது நிரம்பாத அவ்விளைஞன், பதினேழு பக்கமுள்ள சமபக்க உருவை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாமென நிறுவினான். ஈராயிரம் ஆண்டாக ஒருவருக்கும் எட்டாதது அது.

நம் காலத்திற்கே வருவோம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில், கறுப்பினப் பெண்கள் பயிலும் ஒரு பள்ளியில், பரிசுப்போட்டியின் கூடுதற் கேள்வியாகப் பைதாகரஸ் தேற்றத்தைத் திரிகோண கணிதங்கொண்டு நிறுவுமாறு கேட்டனர். பரிசு 500 டாலர். கால்சியா ஜான்சன், நெக்கியா ஜாக்சன் என்ற இரு மாணவிகள் அதனோடு மாதக்கணக்கில் மல்லாடி, 2023இல் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் தம் நிறுவலை எடுத்துரைத்தனர். 2024இல் அஃது ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. ஹன்னா கைரோ என்னும் பதினேழு வயதுப் பெண், நாற்பதாண்டாக மெய்யென்று நம்பப்பட்ட ஒரு கணிதக் கருத்துப் பொய்யென 2025இல் காட்டினாள். பல்கலைக்கழக வகுப்பில் அமர அவளை அனுமதித்து, அக்கருத்தின் எளிய கூறொன்றை வீட்டுவேலையாகக் கொடுத்தவர் ஓர் ஆசிரியர். தெய்வம் கனவில் வந்ததாக இவர்களுள் எவரும் சொல்லவில்லை. விடை அச்சிடப்படாத கேள்வியொன்றைப் பெரியவர் ஒருவர் கொடுத்திருக்கிறார். கொடுத்தபின் அவசரப்படுத்தாமல் இருந்திருக்கிறார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர் கோயில்கட்குக் குறைவில்லை. அவற்றுட் பலவற்றில் மண்டபமும் மின்விசிறியும் சனிக்கிழமை பிற்பகலில் சும்மா கிடக்கும் நாற்காலிகளும் உண்டு. நாற்காலி பத்து, கரும்பலகை ஒன்று, கணித நூல்கள் ஓர் அடுக்கு, அருகிலுள்ள பல்கலைக்கழகத்திற் கணிதம் பயிலும் நம் இளைஞர் ஒருவரின் இரண்டு மணி நேரம்: தேவை இவ்வளவே. அப்பல்கலைக்கழக நூலகத்திற் பதினான்கு வயதுப் பிள்ளை நுழைய அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பமும் எழுதவேண்டும். விண்ணப்பம் எழுதுவது கிராணிமார்க்குக் கைவந்த தொழில். திருவிழா வாணவேடிக்கைக்கு ஆகும் செலவில் இதற்கு எத்தனையில் ஒரு பங்கு ஆகுமென்பதை அவ்வப் பொருளாளரே கணக்கிட்டுக்கொள்ளட்டும். மக்மஹோன் அட்டவணையின் முதல் நூறு எண்களைப் பெரிய எழுத்தில் எழுதித்தர நான் ஆயத்தமாயிருக்கிறேன், தாட்செலவும் என்னுடையது. உபயகாரர் பெயர்ப் பலகைகளுக்கு நடுவே ஓர் ஆணி அடிக்கச் சுவரில் இடமிருக்கிறதா என்பதை மட்டும் நிர்வாகத்தார் தெரிவிக்கவேண்டும்.